இளவயசு சாவு நம்ம பக்கம் கூடிப்போச்சா?

காசிமேட்டான்:

நம்ம வடசென்னை டி.எச். ரோட்டுல (திருவொற்றியூர் ஹை ரோடு) கல்மண்டபத்துலேர்ந்து டோல்கேட் வரைக்கும் ஒருவாட்டி வண்டியில போய்ப் பாருங்க. கண்ணீர் அஞ்சலி பேனர்ல இருக்கிற மூஞ்சில முக்காவாசி இருபது, முப்பது வயசுதான். கூலிங் கிளாஸ் போட்டுகினு பைக்குல சாஞ்சு நிக்கிற போட்டோ. கீழ தோற்றம், மறைவு. கழிச்சுப் பார்த்தா 23, 27, 31.

நான் 1995 வாக்குல பிளஸ் டூ முடிச்சவன். எங்க செட்டு பசங்க அப்போ ஒருத்தன் செத்தான்னு ஞாபகமே இல்ல. பறை அடிச்சா எந்தத் தாத்தான்னுதான் கேப்போம். இப்போ எந்தப் பையன்னு கேக்குறோம்.

காரணம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றான். கொரோனா தடுப்பூசிங்கறான், மணலி ஃபேக்டரி புகைங்கறான், பிராய்லர் கோழிங்கறான். காரணம் அப்புறம் இருக்கட்டும். மொதல்ல கூடிச்சா இல்லியா? அத யாராவது கணக்கோட சொல்லுங்க.

வியாசை லெஃப்ட் விங்:

கூடிச்சுண்ணா, இதுல இன்னா டவுட்டு. எங்க கிரவுண்டுல ஒரு அண்ணன் வார்ம் அப் பண்ணிகினு இருக்கும்போதே விழுந்துட்டாரு. 34 வயசு. பீடி சிகரெட் எதுவும் கிடையாது. ஊசிக்கு முன்னாடி இப்படிக் கேள்விப்பட்டிருக்கோமா?

எண்கணக்கன் (கொளத்தூர்):

காசிமேட்டு அண்ணே, கேள்வியைச் சரியாப் பிடிச்சிருக்கீங்க. ஆனா பேனரை வெச்சு பதில் சொல்ல முடியாது. 78 வயசுல போன பாட்டிக்கு வீட்டு வாசல்ல ஒரே ஒரு பேனர். 24 வயசுப் பையனுக்கு கிரிக்கெட் டீம் ஒண்ணு, ஆட்டோ ஸ்டாண்டு ஒண்ணு, ரசிகர் மன்றம் ஒண்ணு, தெருப் பசங்க ஒண்ணு. ஒரு சாவு நாலு மூலையில நிக்கும். 1995ல பிளெக்ஸ் கிடையாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கிடையாது. திருவொற்றியூர்ல ஒரு பையன் போனா காசிமேட்டுக்குத் தெரியவே தெரியாது.

பார்க்க வேண்டியது விகிதம். ஒரு வருசத்துல 20–24 வயசுல செத்தவங்க எத்தனை பேர், அந்த வயசுல இருந்தவங்க மொத்தம் எத்தனை பேர், வகுத்தா ஆயிரத்துக்கு இத்தனை. இதை ஐஞ்சு ஐஞ்சு வயசாப் பிரிச்சுப் பார்க்கணும். மத்திய அரசோட மாதிரிப் பதிவுத் திட்டம், எஸ்.ஆர்.எஸ்.னு சொல்வாங்க, 1969–70லேர்ந்து நாடு பூரா இதைத்தான் பண்ணுது. தேர்ந்தெடுத்த ஊர்கள்ல, தெருக்கள்ல ஒருத்தர் தொடர்ந்து பிறப்பு இறப்பைக் குறிச்சுக்கிட்டே இருப்பார். ஆறு மாசத்துக்கு ஒருமுறை இன்னொருத்தர் தனியா வந்து வீடு வீடாக் கேட்பார். ரெண்டையும் ஒட்டிப் பார்ப்பாங்க. அந்த வரிசைப்படி 15லேர்ந்து 34 வரைக்கும் எந்த வயசுப் பிரிவை எடுத்தாலும் இந்தியாவுல சாவு விகிதம் 1970கள்ல இருந்ததுல பாதிக்கும் கீழ வந்தாச்சு.

இன்னொண்ணு. அந்தக் காலத்துல சராசரி ஆயுளே 32னு பேசுவாங்க. 1941–51 பத்தாண்டுக்கு அந்தக் கணக்கு உண்மைதான். அதுக்காக எல்லாரும் 32ல செத்தாங்கன்னு அர்த்தமில்ல. கைக்குழந்தைங்க கொத்துக் கொத்தாப் போனதால சராசரி கீழ இழுத்துச்சு. 20 வயசைத் தாண்டினவங்க சராசரியா 50ஐத் தாண்டினாங்க. அதனால ஆயுள் கூடுனதை மட்டும் வெச்சு இளவயசு சாவைப் பத்திப் பேசக் கூடாது.

காசிமேட்டான்:

அதாவது கெட்ட மீன் எத்தனைன்னு எண்ணாத, கூடைக்கு எத்தனைன்னு எண்ணுங்கறீங்க. இல்லாங்காட்டி பெரிய போட்டுக்காரன்தான் எப்பவும் மோசம்னு ஆயிடும். சரி, புரியுது. ஆனா நாடு பூரா குறைஞ்சா எனக்கின்னா? உ.பி.யும் பீகாரும் சேர்ந்த கணக்கு அது. நான் கேட்டது நம்ம ஏரியா. அதுவும் ஆம்பளப் பசங்க.

ராயபுரம் சிஸ்டர் (ஓய்வு):

தம்பி, 1995ல யாரும் சாகலன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் எழுதுறேன். நான் அப்போ ஒரு அரசு ஆஸ்பத்திரியில மெடிக்கல் வார்டு டியூட்டி. பேர் வேணாம்.

1986ல இந்தியாவுலயே முதல்முதலா எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையிலதான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். அதுக்கப்புறம் பத்து வருசத்துல வார்டு எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்குத்தான் தெரியும். லாரி ஓட்டுற பிள்ளைங்க, துறைமுகத்துல லோடு தூக்கினவங்க, அவங்களைக் கட்டிக்கிட்ட பொண்ணுங்க. எல்லாம் 25, 30, 35. எலும்பும் தோலுமா வருவாங்க. மருந்து இருந்தது, வாங்கத்தான் வழியில்ல. அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாக் கொடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரல்லதான். அந்த முதல் பட்டியல்ல தாம்பரம் சானடோரியம் இருந்துச்சு.

அதுவரைக்கும் போனவங்களுக்கு யார் பேனர் வெச்சா? மஞ்சள் காமாலைன்னு சொல்வாங்க, டிபின்னு சொல்வாங்க, நெஞ்சுவலின்னு சொல்வாங்க. ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போய் மூலக்கொத்தளத்துல அடக்கம் பண்ணிட்டு வந்துடுவாங்க. உங்க செட்டு அண்ணன்மார்ல ஒருத்தர் திடீர்னு "ஊருக்குப் போயிட்டாரு"ன்னு கேட்டிருப்பீங்க. யோசிச்சுப் பாருங்க.

பொண்ணுங்க சாவு வேற கதை. அது எழுத உட்கார்ந்தா கை நடுங்கும். இருந்தாலும் அப்புறம் வரேன்.

பெரம்பூர் மில்காரர் மகன்:

சிஸ்டர் சொன்னதுக்கு முந்தின தலைமுறையை நான் சொல்றேன். எங்க தாத்தாவும் அப்பாவும் பி அண்ட் சி மில். தாத்தாவோட கூடப்பிறந்தவங்கள்ல ரெண்டு பேர் முப்பதுக்குள்ள போனது காசநோய்ல. ஓட்டேரி ஆஸ்பத்திரின்னாலே எங்க வீட்ல பேச்சு நின்னுடும்.

காசநோய் கிழவர்களோட நோய் இல்ல. சம்பாதிக்கிற வயசுலதான் அது அதிகமா ஆளைக் கொண்டுபோச்சு. 1956ல சேத்துப்பட்டுல ஆராய்ச்சி மையம் வந்தது. இப்போ அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மெட்ராஸ் ஏழைக் குடும்பங்கள்லேர்ந்து 193 நோயாளிகளை எடுத்துக்கிட்டாங்க. பாதிப் பேருக்கு சானடோரியத்துல, அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில, படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. மீதிப் பேருக்கு அதே மாத்திரை, ஆனா அவங்கவங்க குடிசையிலயே. வருசக் கடைசியில ரெண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாச்சு. 1959ல இதை வெளியிட்டதுக்கு அப்புறம் உலகம் பூரா சானடோரியங்களை மூட ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்க் குடிசைகள்ல நிரூபிச்ச விஷயம். இதை ஏன் எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்துலயும் பெருமையாப் போடலைன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

மருந்து வந்தும் முழுசா ஒழியல. பின்னாடி ஆராய்ச்சியாளர் கஜலட்சுமி அம்மாவும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து சென்னையிலயும் விழுப்புரம் பக்கமும் 43,000 ஆம்பளைங்க சாவை எடுத்து வீடு வீடாப் போய் விசாரிச்சாங்க. 2003ல வந்தது. பீடி சிகரெட் பிடிக்கிறவனுக்குக் காசநோய்ல சாகிற வாய்ப்பு பிடிக்காதவனை விட ஏறக்குறைய நாலு மடங்கு. இந்தியாவுல காசநோய்ல சாகிற ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் சாவுக்குப் புகைதான் காரணம்னு சொன்னாங்க. மில்லு ஷிப்டு முடிஞ்சு வெளிய வர்றவங்க கையில என்ன இருந்துச்சுன்னு நினைச்சா வயிறு எரியுது.

அதுக்கும் முன்னாடின்னா 1918. பம்பாய்த் துறைமுகம் வழியா வந்த காய்ச்சல். குழந்தை, கிழவரை விட்டுட்டு 20லேர்ந்து 40 வயசுக்காரங்களைக் குறிவெச்ச மாதிரி அடிச்ச நோய் அது. இந்தியாவுல குறைஞ்சது ஒரு கோடியே இருபது லட்சம் பேர்ங்கறாங்க. மக்கள்தொகை குறைஞ்ச ஒரே பத்தாண்டு 1911–21தான்.

வியாசை லெஃப்ட் விங்:

ஹிஸ்டரி சூப்பர் அண்ணாத்த. ஆனா 1918ல செத்தவனைக் காட்டி இப்போ செத்தவனை மறைக்காதீங்க. நான் கேட்டது இந்த அஞ்சு வருசம். திடீர்னு விழுறாங்களே, அதுக்கு இன்னா சொல்றீங்க?

எண்கணக்கன் (கொளத்தூர்):

தம்பி, நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் தேடினதும் நம்ம ஊர் நிறுவனம்தான். ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் சென்னையிலதான் இருக்கு. 2021 அக்டோபர்லேர்ந்து 2023 மார்ச் வரைக்கும் 18–45 வயசுல, நல்லா இருந்து, காரணம் புரியாம திடீர்னு போன 729 பேரை எடுத்தாங்க. 19 மாநிலங்கள், 47 ஆஸ்பத்திரிகள். அதே வயசு, அதே பால், அதே பகுதியில உயிரோட இருக்கிற 2,916 பேரோட ஒப்பிட்டாங்க.

ஊசி போட்டதால ஆபத்து கூடல. ரெண்டு டோஸ் போட்டவங்களுக்கு ஆபத்து குறைவாவே இருந்துச்சு. கூடுனது எதுக்குன்னா: கொரோனாவுல ஆஸ்பத்திரியில சேர்ந்து கிடந்தவங்க, குடும்பத்துல ஏற்கெனவே இப்படித் திடீர் சாவு இருந்தவங்க, சாகிறதுக்கு முந்தின 48 மணி நேரத்துல மூக்கு முட்டக் குடிச்சவங்க, போதை எடுத்தவங்க, அதே 48 மணி நேரத்துல வழக்கத்துக்கு மீறி உடம்பை வருத்தினவங்க.

உங்க கிரவுண்டு அண்ணன் சாவுக்கு என்ன காரணம்னு நான் சொல்ல வரல. அந்த வீட்டுல அப்பாவோ சித்தப்பாவோ நாற்பதுக்குள்ள இப்படிப் போயிருந்தா, மீதி அண்ணன் தம்பிங்க ஒரு ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்க்கணும். அதைச் சொல்ல வேண்டிய நேரத்துல ஊசியைப் பத்திச் சண்டை போட்டுட்டு இருக்கோம்.

வியாசை லெஃப்ட் விங்:

அவரோட அப்பாவும் சின்ன வயசுலதான் போனாரு. அவரு தம்பிகிட்ட பேசுறேன்.

காசிமேட்டான்:

நல்லது. ஆனா என் கேள்வி இன்னும் தொங்குது. சென்னை கார்ப்பரேசன்ல எல்லா சாவும் பதிவாவுது. சர்டிபிகேட் ஆன்லைன்ல டவுன்லோடு பண்றோம். அப்போ 2005ல எத்தனை, 2023ல எத்தனைன்னு எடுத்துப் போட வேண்டியதுதானே?

எண்கணக்கன் (கொளத்தூர்):

அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. 2011 வரைக்கும் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர், 155 வார்டு. அந்த வருசம் திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் எல்லாம் உள்ள வந்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு ஆயிடுச்சு. 2011 கணக்கெடுப்புல பழைய எல்லைக்குள்ள 46 லட்சத்துச் சொச்சம். புது எல்லையோட 66 லட்சத்துக்கு மேல. 2005 எண்ணிக்கையையும் 2023 எண்ணிக்கையையும் பக்கத்துல வெச்சா வேற ரெண்டு ஊரை ஒப்பிடுற மாதிரிதான்.

ரெண்டாவது, சாவு நடந்த இடத்துலதான் பதிவு. ஜி.எச்.சுலயும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயும் இறக்கிறவங்கள்ல நிறைய பேர் ஆந்திரா எல்லை, திருவள்ளூர், விழுப்புரம்னு வெளியூர். அவங்களை முகவரி பார்த்து ஒதுக்கலைன்னா ராயபுரம் மண்டலத்துல பிணம் விழுந்துட்டே இருக்கிற மாதிரி தோணும். ரோட்டு விபத்து கேஸ்லயும் இப்படித்தான், அவங்கள்ல நிறைய பேர் இளவயசு.

மூணாவது, வகுக்கிறதுக்குக் கீழ போட வேண்டிய எண், அதாவது அந்த வயசுல மொத்தம் எத்தனை பேர்ங்கறது. 2021ல நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கல; 2027க்குத் தள்ளிப்போச்சு. இடையில கரையோரக் குடிசைகளைக் காலி பண்ணி கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு அனுப்பினாங்க. இன்னைக்கு உங்க வார்டுல 20–24 வயசுல எத்தனை பேர்னு யார் சொன்னாலும் அது மதிப்பீடுதான்.

ஒரு தெருவை மட்டும் பார்க்கிறதுலயும் கண்ணி இருக்கு. வெறும் கணக்குக்காக: ஒரு தெருவுல 15–34 வயசுல 400 பேர், ஆயிரத்துக்கு ஒன்றரை வீதம் சாவுன்னு வெச்சுக்குங்க. சராசரி வருசத்துக்கு 0.6. பாதி வருசம் ஒருத்தரும் இல்ல. ஆனா இப்படி நூறு தெரு இருந்தா, சராசரியா வருசத்துக்கு ரெண்டு தெருவுல மூணு பேரோ அதுக்கு மேலயோ போவாங்க, தனிக் காரணம் எதுவும் இல்லாம, தற்செயலா. அந்தத் தெருக்காரங்ககிட்ட போய் இது தற்செயல்னு சொன்னா அடிக்க வருவாங்க. நானா இருந்தாலும் அடிப்பேன்.

சென்னைக்குன்னு ஒழுங்காப் பண்ணின கணக்கு கொரோனா காலத்துக்கு இருக்கு. 2020 மார்ச்லேர்ந்து 2021 ஜூன் வரைக்கும் 87,870 சாவு பதிவு. முந்தைய வருசங்களை வெச்சு எதிர்பார்த்ததை விட 25,990 அதிகம். அதுல பெரும்பங்கு அறுபது தாண்டினவங்க.

ராயபுரம் சிஸ்டர் (ஓய்வு):

பொண்ணுங்க கதையை எழுதுறேன்னு சொன்னேன்.

ஒரு காலத்துல நம்ம நாட்டுல 15லேர்ந்து 30 வயசுக்குள்ள ஆம்பளையை விடப் பொம்பளைதான் அதிகமாச் செத்தா. பிரசவம் ஒண்ணு. தமிழ்நாட்டுல 2001–03ல லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134 தாய்மார் போனாங்க, 2018–20ல 54. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இதை விட மோசம். ரத்தப்போக்குல வெள்ளையாப் போன முகங்களை இன்னும் மறக்கல. இப்போ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில நம்ம பிள்ளைங்க பிரசவிச்சு மூணாம் நாள் ஆட்டோவுல வீட்டுக்கு வருது. யாரும் இதுக்குப் பேனர் வைக்கிறதில்ல. சாகாதவளுக்கு யார் பேனர் வைப்பா?

இன்னொண்ணு தீ. கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டைப் பத்தி அந்தக் காலத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு சிஸ்டர்". எத்தனை ஸ்டவ் வெடிச்சிருக்கும்? 2001ல மட்டும் இந்தியா பூரா தீயில ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல செத்தாங்கன்னு பின்னாடி ஒரு ஆய்வுல மதிப்பிட்டாங்க. மூணுல ரெண்டு பங்கு பொம்பளைங்க, அதுலயும் பெரும்பாலும் 15–34. மண்ணெண்ணெய் போய் கேஸ் வந்தது, புருசன் வீட்டுக் கொடுமைக்கு எதிரா 498ஏ சட்டப்பிரிவு வந்தது, வேலைக்குப் போற பொண்ணுங்க கூடினாங்க. எது எவ்வளவு காரணம்னு எனக்குப் பிரிக்கத் தெரியாது. வார்டு காலியாச்சு, அதை என் கண்ணால பார்த்தேன்.

காசிமேட்டுத் தம்பி ஆம்பளப் பசங்களைக் கேட்டாரு. கணக்குல பொண்ணுங்களுக்குக் குறைஞ்ச அளவு பையன்களுக்குக் குறையல. அதனாலதான் உங்க பேனர்ல எல்லாம் பையனாவே தெரியுது.

நெறியாளர்:

ஒரு பதிவை நீக்கியிருக்கேன். சமீபத்துல இறந்த பையனோட பேரும் படமும் இருந்துச்சு. வீட்டார் இங்க படிக்கலாம். தயவுசெஞ்சு பேர் போடாதீங்க.

காசிமேட்டான்:

சிஸ்டர் சொன்னதுதான் எனக்கு வேண்டியது. நோயில சாகிறது குறைஞ்சது, ஒத்துக்கறேன். அப்போ பையன் எதுல சாகுறான்? வெளியாளு கேட்டா வடசென்னைன்னாலே கத்தி, ரவுடி, கொலைம்பான். அதுவா?

எண்கணக்கன் (கொளத்தூர்):

இல்லவே இல்ல. 2022ல தமிழ்நாடு பூரா கொலை சுமார் 1,700. அதே வருசம் ரோட்டு விபத்துல போனவங்க 17,884. தற்கொலை 19,834. சினிமாக்காரங்க காட்டுறது முதல் எண்ணை மட்டும்தான். நாடு பூரா ரோட்டு சாவுல மூணுல ரெண்டு பங்கு 18–45 வயசு.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ராத்திரி பத்து மணிக்கு நிக்கிற கண்டெய்னர் வரிசையைப் பாருங்க. பின்னாடி லைட் இல்லாத டிரெய்லர். நடுவுல புகுந்து போற பைக்கு, மூணு பேர், ஒரு ஹெல்மெட்டு, அதுவும் டேங்க் மேல. 108 வண்டி 2008லேர்ந்து ஓடுது, 2021 டிசம்பர்லேர்ந்து முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். இதெல்லாம் இல்லைன்னா எண் இன்னும் மேல போயிருக்கும். ஆனா இது விழுந்த பிறகு தூக்குற வேலை. விழாம இருக்க நம்ம ரோட்டுக்கு யார் என்ன பண்ணினாங்க?

தண்டையார்பேட்டை டீச்சர்:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தற்கொலை என்ற எண்ணை ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். 15 முதல் 29 வயதுக்குள் இந்தியாவில் உயிரைப் பறிக்கும் காரணங்களில் அது முதல் வரிசையில் இருக்கிறது. 2012இல் வெளிவந்த பெரிய ஆய்வு அதைச் சொல்லியது. தென் மாநிலங்களில் வீதம் அதிகம் என்றும் சொல்லியது.

என் பழைய மாணவர்களில் சிலருக்கு அஞ்சலி பேனரில் "மாரடைப்பால்" என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். போலீஸ், போஸ்ட்மார்ட்டம், தங்கைக்கு வரன் பார்க்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லால்தான் தெருவே "இளைஞர்களுக்கு மாரடைப்பு கூடிவிட்டது" என்று நம்புகிறது. சிஸ்டர் சொன்ன காலத்தில் எச்.ஐ.வி.க்கு டிபி என்று பெயர் வைத்தார்கள். இன்று மனநோவுக்கும் குடிக்கும் மாத்திரை போதைக்கும் ஹார்ட் அட்டாக் என்று பெயர் வைக்கிறோம்.

வகுப்பில் ஒரு பிள்ளை அமைதியாகிவிட்டால் நான் நேராகக் கேட்டுவிடுவேன், சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. 104, 14416 இரண்டும் இப்படிப்பட்ட நேரத்தில் உதவி கேட்பதற்கான இலவச எண்கள், தமிழில் பேசுவார்கள். இரவிலும் எடுப்பார்கள்.

ராயபுரம் சிஸ்டர் (ஓய்வு):

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. சர்டிபிகேட்லயும் அதே கதைதான். "இதயமும் மூச்சும் நின்றது"ன்னு எழுதியிருப்பாங்க. எல்லாருக்கும் அது ரெண்டும் நின்னுதான் சாவு வரும். அது ஏன் நின்னுச்சுங்கறதுதான் காரணம். 38 வயசுல கல்லீரல் கெட்டு வயிறு வீங்கி வர்ற பையன் சாவையும் அப்படி எழுதினா, மதுவோட கணக்கு எங்க போய்ச் சேரும்?

காசிமேட்டான்:

சரி. நான் மனு போடப் போறேன். பேனர் எண்ணிகினு உக்கார முடியாது. எப்படிக் கேக்கணும்னு சொல்லுங்க.

எண்கணக்கன் (கொளத்தூர்):

தகவல் உரிமைச் சட்டம், மாநகராட்சி சுகாதாரத் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டுங்க. 2012லேர்ந்து கேளுங்க, அதுக்கு முன்னாடி வேணாம், எல்லை வேற. வயசு, ஆணா பெண்ணா, வீட்டு முகவரி எந்த வார்டு, சாவு வீட்டுலயா ஆஸ்பத்திரியிலயா, மருத்துவர் எழுதின காரணம். பேரும் கதவு எண்ணும் கேக்காதீங்க, கேட்டா தனிநபர் விவரம்னு மறுத்துடுவாங்க. மண்டலம் 1லேர்ந்து 6 வரைக்கும் போதும்: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர்.

வந்ததும் இங்க போடுங்கண்ணே. 2020, 2021 ரெண்டையும் தனியா வெச்சுட்டு மூணு மூணு வருசமாச் சேர்த்துப் பார்ப்போம். கணக்கெடுப்பு முடிஞ்சு வயசு வாரியா எண்ணிக்கை வந்த பிறகு விகிதம் போடலாம். அதுவரைக்கும் காரணங்களோட பங்கு மட்டும் பார்க்கலாம், அதுக்குக் கீழ போடற எண் தேவையில்ல.

வியாசை லெஃப்ட் விங்:

மனு டைப் பண்ண ஆளு வேணும்னா சொல்லுங்கண்ணா. டீச்சர் ஒருவாட்டி படிச்சுப் பாக்கட்டும், எனக்கு ஒற்று மிஸ் ஆவும்.